குழந்தை உரிமைகள்: கையெழுத்துக்கு அப்புறம் அரசுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989 நவம்பர் 20 அன்று ஏற்கப்பட்டது. இன்று 196 தரப்புகள் அதில் இருக்கின்றன. அமெரிக்கா மட்டும் 1995இல் கையெழுத்துப் போட்டதோடு நின்றுவிட்டது. இவ்வளவு பேர் ஒப்புக்கொண்ட பிறகும் குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டியது ஏன் சேர்வதில்லை என்று பார்த்தால், பல நாடுகளில் ஒரே மாதிரியான தவறுகள்தான் கண்ணில் படுகின்றன.

முதல் தவறு, சட்டம் போட்டாச்சு, வேலை முடிந்தது என்று நினைப்பது. உடன்படிக்கையின் 4ஆம் பிரிவு சட்டத்தோடு நிர்வாக நடவடிக்கைகளையும் கேட்கிறது, கையில் இருக்கும் வளத்தில் முடிந்த மட்டும் செலவழிக்கவும் சொல்கிறது. பிறப்புப் பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தவுடன் பதிய வேண்டும் என்கிறது 7ஆம் பிரிவு, சட்டமும் அதையே சொல்லும்; ஆனால் பதிவு அலுவலகம் ஒரு நாள் பயணத் தொலைவில் இருக்கும், கைக்குழந்தையோடு வந்த தாயிடம் கவுன்ட்டரில் அப்பாவின் அடையாள அட்டை எங்கே என்று கேட்பார்கள், அதைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால் தாமதக் கட்டணம் கட்டச் சொல்வார்கள். அந்தக் குழந்தைக்குக் கடைசிவரை சான்றிதழ் கிடைக்காமலே போகலாம். வயதை நிரூபிக்க முடியாத பிள்ளையைக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் எப்படிக் காப்பாற்றும்? சட்டம் எழுதுகிறவர்கள் அந்தக் கவுன்ட்டர் விதிகளையும் சேர்த்தே திருத்த வேண்டும்.

அடுத்தது பணம். குழந்தைகளுக்கான செலவு கல்வி, சுகாதாரம், சமூக நலம், நீதி எனப் பல துறைகளில் சிதறிக் கிடப்பதால், மொத்தம் எவ்வளவு என்று அரசுக்கே தெரியாமல் போகிறது. கல்வி ஒதுக்கீடு என்று காட்டும் தொகையில் பல்கலைக்கழகச் செலவும் கலந்திருக்கலாம். ஒதுக்கியதை மட்டும் அறிவித்துவிட்டு, செலவானது எவ்வளவு என்பதைச் சொல்லாமல் விடுவது இன்னும் மோசம். உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழந்தை உரிமைக் குழு, அதை எப்படிச் செயல்படுத்துவது என்று விளக்கும் பொதுக் கருத்துரைகளில் 19ஆவதை 2016இல் முழுக்க முழுக்க பட்ஜெட்டுக்காகவே வெளியிட்டது, நிதித்துறையில் இருப்பவர்கள் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

நாடு முழுவதற்குமான சராசரிப் புள்ளிவிவரத்தை மட்டும் நம்புவதும் ஆபத்துதான். வீடு வீடாகப் போய் எடுக்கும் கணக்கெடுப்பில் காப்பகங்களிலும் தெருவிலும் இருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் வருவதே இல்லை, ஆனால் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் அவர்கள்தான்.

பிள்ளைகளின் கருத்தைக் கேட்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, எல்லாம் முடிவான பிறகு கூட்டம் போட்டு, அவர்களை மேடையேற்றி, போட்டோ எடுப்பது, அவர்கள் கருத்துக்கு மதிப்புக் கொடுக்கச் சொல்லும் 12ஆம் பிரிவு கேட்பது அல்ல. முடிவுக்கு முன்னால் கேளுங்கள், அவர்கள் சொன்னதில் எதை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்பதையும் திரும்பப் போய் அவர்களிடம் சொல்லுங்கள். இந்த இரண்டாவது பாதியைத்தான் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள்.

புகார் கேட்கும் அமைப்பை, எந்த அமைச்சகத்தின் மேல் புகார் வருமோ அதன் கீழேயே வைக்கக் கூடாது. உடன்படிக்கை வருவதற்கு முன்பே, 1981இலேயே, நார்வே குழந்தைகளுக்கென்று தனிக் குறைதீர்ப்பாளரை நியமித்தது. தனி அதிகாரமும் தனி நிதியும் இல்லாத ஆணையத்துக்குப் பெயர்ப்பலகை இருந்து என்ன பயன்? அதே மாதிரி, அதிகாரத்தை உள்ளாட்சிக்கோ சேவையைத் தனியாருக்கோ கொடுத்துவிட்டால் பொறுப்பு கைமாறிவிடாது, மத்திய அரசே பதில் சொல்ல வேண்டும்.

கடைசியாக அறிக்கை. உடன்படிக்கையில் சேர்ந்த 2 ஆண்டில் ஒன்று, பிறகு 5 ஆண்டுக்கு ஒன்று என்று ஐ.நா. குழந்தை உரிமைக் குழுவிடம் அரசு அறிக்கை கொடுக்க வேண்டும். குழுவின் 18 நிபுணர்கள் படித்துவிட்டுப் பரிந்துரை தருவார்கள். அது வெளியுறவுத் துறையின் அலமாரியிலேயே தங்கிவிட்டால் அடுத்த முறையும் அதே பரிந்துரைகள்தான் வரும். வந்த உடனே மக்கள் பேசும் மொழியில் போட்டு, ஒவ்வொரு பரிந்துரைக்கும் எந்தத் துறை, எந்தத் தேதிக்குள், எந்தப் பணத்தில் என்று பக்கத்திலேயே எழுதி வெளியிட வேண்டும்.