டெலஸ்கோப் கண்ணாடியைத் துடைக்காதீர்கள்

எங்கள் காரைக்குடி வீட்டில் ஒரு பழைய பெல்ஜியம் கண்ணாடி இருக்கிறது. அதில் விரல் நுனியை வைத்தால் விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவே சின்ன இடைவெளி தெரியும். ரசப் பூச்சு கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுதான் காரணம். கண்ணாடி வகை டெலஸ்கோப்பில் ஒளியைச் சேர்க்கும் குழிக் கண்ணாடியில் அலுமினியப் பூச்சு முன்பக்கமே இருக்கும், அதுவும் மிக மெல்லியதாக. ஆச்சி வீட்டுக் கண்ணாடியைத் துடைப்பதுபோல இதைத் துணியால் தேய்த்தால் பூச்சில் கீறல் விழும். கொஞ்சம் தூசி இருந்தால் பார்வை கெடாது, விட்டுவிடுங்கள்.

அடுத்த தவறு, அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் ‘525 மடங்கு’ என்பதை நம்பி வாங்குவது. குவியத் தொலைவு 700 மி.மீ., கண்ணருகு லென்ஸ் 4 மி.மீ. என்றால், 700ஐ 4ஆல் வகுத்து 175 மடங்கு. கூடவே தரும், அதை 3 மடங்காக்கும் பார்லோ லென்ஸைப் போட்டால் 525. கணக்கு சரிதான். ஆனால் ஒளி நுழையும் முன்வாயின் அகலம் 60 மி.மீ. தானே? ஒளி அந்தச் சின்ன வாய்க்குள் நுழையும்போதே சற்றுப் பரவிவிடுகிறது. அதனால் நுணுக்கங்கள் பிம்பத்திலேயே பதிவதில்லை. இல்லாததை எப்படிப் பெரிதாக்குவது? வாய் அகலத்தில் மில்லிமீட்டருக்கு 2 மடங்கு, அதாவது 120தான் எல்லை. அதைத் தாண்டினால் மங்கல்தான் பெரிதாகும். சனியின் வளையத்துக்கு 50 மடங்கே போதும். வாய் அகலத்தைப் பார்த்து வாங்குங்கள்.

லென்ஸ் வகை டெலஸ்கோப்பில் நிலாவின் ஓரத்தில் ஊதா நிறம் கசிந்தால் பழுது என்று நினைக்காதீர்கள். லென்ஸ் நீலத்தைச் சிவப்பைவிட அதிகமாக வளைக்கிறது. இருவகைக் கண்ணாடி சேர்ந்த லென்ஸில் இது குறையும். குழிக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி நிறம் பிரியாது. நியூட்டன் 1668இல் குழிக் கண்ணாடிக்கு மாறியது இதனால்தான். லென்ஸை ஓரத்தில் மட்டுமே தாங்க முடியும், பெரிதானால் தன் கனத்திலேயே தொய்யும். அதனால் 1897இல் அமெரிக்காவின் யெர்க்ஸ் ஆய்வகத்தில் வைத்த 40 அங்குல லென்ஸோடு பெரிய லென்ஸ் டெலஸ்கோப்கள் நின்றுபோயின. நம் காவலூர் வானாய்வகத்தில் இருப்பது 2.34 மீட்டர் கண்ணாடி.

ஆனால் கண்ணாடி வகை பயணத்தில் அசைந்தால் உள்ளிருக்கும் கண்ணாடிகள் நேர் விலகிவிடும். பார்க்கும் முன் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். சூரியனை மட்டும், முன்வாயில் அதற்குரிய வடிகட்டி இல்லாமல் ஒருபோதும் பார்க்காதீர்கள்.

இருட்டியதும் மொட்டைமாடிக்கு ஓடுவதும் தவறுதான். பகலெல்லாம் காய்ந்த தளமும் ஓடுகளும் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். 7 மணிக்கு வியாழன் கொதிக்கிற தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளியும். டெலஸ்கோப் குழாயை முன்பே வெளியே வைத்து ஆறவிடுங்கள். 10 மணிக்கு மேல் அதே வியாழனில் இரண்டு பட்டைகள் தெளிவாகத் தெரியும்.