குழுச் செயற்றிட்டத்துக்குத் தலைமை ஏற்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக மாணவர்களின் குழுச் செயற்றிட்டங்களுக்கு வழிகாட்டி வருகிறேன். நாங்கள் மாணவர்களாக இருந்த காலத்தில் எங்கள் குழுக்களைக் கெடுத்த அதே தவறுகளை இன்றைய தலைவர்களும் ஆண்டுதோறும் புதிதாகச் செய்வதைக் காண்கிறேன். நேரம் தவறுதல், கூட்டக் குறிப்பு எழுதாமை போன்றவற்றை எவரும் அறிவர் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். பொறுப்புணர்வு மிக்க நல்ல மாணவர்களே செய்யும் தவறுகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

பக்கக் கணக்கில் வேலையைப் பங்கிடுதல்

ஒருவருக்கு முன்னுரை, ஒருவருக்குத் தரவு, ஒருவருக்கு முடிவுரை என்று பங்கிட்டால், முடிவுரை எழுத வேண்டியவர் தரவு வரும்வரை கைகட்டி இருப்பார். தரவு சேர்ப்பவரோ எதற்காகச் சேர்க்கிறோம் என்பதை அறியாமலே சேர்ப்பார். ஆய்வுக் கேள்வி ஒன்றைத் தொடக்கம் முதல் விடை வரை இருவரிடம் ஒப்படைப்பது நன்று.

ஆட்தொகையை நம்புதல்

பிரான்சிய வேளாண் பொறியியலாளர் மக்ஸ் றிங்கல்மன் 1913 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கயிறு இழுப்போரின் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொருவரும் செலுத்தும் விசை குறைந்தது. பேச வேண்டிய தொடர்புகளும் பெருகுகின்றன: ஐவரிடையே 10 இணைகள் என்றால் எண்மரிடையே 28. பெரிய குழு கிடைத்தால் அதைச் சிறு பிரிவுகளாக்கி, யாருடைய பங்கு எது என்பது எல்லோருக்கும் தெரியும்படி பெயரிட்டு வையுங்கள். தன் பங்கு தனியாகத் தெரியும்போது மனிதர் கூடுதலாக முயல்கின்றனர்.

வாட்ஸ்அப் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளுதல்

பெயர் சொல்லிக் கேட்டுப் பதிலைப் பெறுங்கள்.

பிறர் எழுதியதை இரவோடிரவாக மாற்றி எழுதுதல்

எத்தனை முறை கண்டாலும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுவே. சமர்ப்பிப்பதற்கு முந்திய இரவு ஏனையோரின் பகுதிகளைத் திறந்து பார்க்கும் தலைவர், நடை சீராக இல்லை என்று கண்டு, எவரிடமும் சொல்லாமல் முழுவதையும் தாமே எழுதி முடிக்கிறார். அறிக்கை அழகாகிறது, நன்றியும் கிடைக்கிறது, ஆகவே அடுத்த முறையும் அதையே செய்கிறார்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதித் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று அளவை ஆராய்ந்த ஒரு குழுவில் இதன் விளைவைக் கண்டேன். சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் செம்மண் படிந்த அந்த நிலத்தில், வெங்காயத்துக்கும் பிற பயிர்களுக்கும் இடும் பசளையின் நைதரசன் நிலத்தடி நீருக்கு எளிதில் இறங்கிவிடுவதால், அது தகுந்த தலைப்புத்தான். ஆய்வுகூடத்தில் அளவிட்ட மாணவி தம் அட்டவணையின் தலைப்பில் ‘நைத்திரேற்று–நைதரசன்’ என்று எழுதியிருந்தார். தலைவர் அதைக் கூறியது கூறலாக எண்ணி ‘நைத்திரேற்று’ என்று சுருக்கிவிட்டார். நைத்திரேற்றின் அளவை அதிலுள்ள நைதரசனின் நிறையாகவோ நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்த முழு அயனின் நிறையாகவோ குறிக்கலாம். முன்னதை ஏறத்தாழ 4.43 ஆல் பெருக்கினால் பின்னது வரும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்துள்ள லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற வழிகாட்டு அளவு முழு அயனுக்கு உரியது. நைதரசனாகக் கணித்தால் அது ஏறத்தாழ 11 தான். ஆகவே, 14 என்று பதிவான கிணறு உண்மையில் ஏறத்தாழ 62 மில்லிகிராம் கொண்டு வரம்பைக் கடந்திருக்க, அறிக்கை அதைப் பாதுகாப்பானது என்று அறிவித்தது. அந்த வரம்பு முதன்மையாகப் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளைக் காப்பதற்கு வைக்கப்பட்டது என்பதை நினைத்தால், அழிக்கப்பட்ட அந்த ஒரு சொல்லின் கனம் விளங்கும்.

வாய்மொழிப் பரீட்சையில் விரிவுரையாளர் அலகைப் பற்றிக் கேட்டபோது தலைவருக்கு விடை தெரியவில்லை. விடை தெரிந்த மாணவியோ, “நான் எழுதினது அப்பிடியில்லை, சேர்” என்று மட்டும் சொன்னார். அச்சிட்ட பிரதியை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருந்தார். குழு முழுவதும் புள்ளிகளை இழந்தது. அதன்பின் அந்த மாணவி எந்தக் கூட்டத்திலும் தாமாகக் கருத்துச் சொன்னதை நான் காணவில்லை.

நடையைச் சீர்செய்யும் உரிமை தலைவருக்கு உண்டு. ஆனால் எண், அலகு, அட்டவணைத் தலைப்பு, கள அவதானிப்பு ஆகியவற்றில் கைவைக்குமுன், எழுதியவரிடம் அவ்விடத்தைக் குறித்துக் கேட்டே ஆக வேண்டும். அதற்கு நேரமில்லை என்று சொல்லும் தலைவர்களிடம், குழுவுக்குள்ளான இறுதித் திகதியை மூன்று நாட்கள் முன்னதாக வைக்கும்படி சொல்கிறேன். எஞ்சும் நாட்களில் ஒருநாள் அனைவரும் கூடியிருந்து அறிக்கையை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அவரவர் பகுதியை அவரவரே வாசித்தால் மாறிப்போனவை உடனே தெரியவரும்.

ஊர் நாட்காட்டியை மறத்தல்

நல்லூர்த் திருவிழா 25 நாட்கள். அந்த மாலைகளில் கூட்டம் வைக்க வேண்டாம்.

ஒத்துழைக்காதவரைப் பற்றி இறுதி வாரத்தில் முறையிடுதல்

அந்நேரத்தில் மேற்பார்வையாளரால் புள்ளியைக் குறைக்க மட்டுமே முடியும். முதல் முறை வேலை வராதபோதே அவரைத் தனியே சந்தித்துக் காரணம் கேளுங்கள். மாலையில் ரியூசன் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்குபவரும், வார இறுதியில் நெடுந்தீவுக்குச் சென்று குறிகட்டுவானுக்குத் திரும்பும் படகை நம்பியிருப்பவரும் நம் குழுக்களில் உண்டு. அவர்களுக்கு வேலையைக் குறைக்காமல் நேரத்தை மாற்றிக் கொடுத்தாலே போதும். அதன்பின்னும் வேலை வராவிட்டால், மேற்பார்வையாளருக்கு அறிவிக்கப் போகிறேன் என்பதை முதலில் அவரிடமே சொல்லிவிட்டு, திகதிகளுடன் எழுத்தில் கொடுங்கள்.