பொக்கைவாய் மக்காச்சோளம்

போன ஆனி மாசம் பிறந்ததும் ஆலங்குளம் வீட்டுப் பின்புறம், வேலியோரமாக ஒரே வரிசையில் 20 மக்காச்சோள விதை ஊன்றினேன். செடியெல்லாம் ஆளுயரம், ஆனால் கதிரை உரித்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி, பொக்கைவாய் மாதிரி. உரம் பத்தவில்லை என்று யூரியா போட்டதுதான் தண்டச் செலவு.

உச்சியில் வரும் ஆண்பூவின் மகரந்தம் கதிரின் முடியில் விழ வேண்டும், ஒரு முடிக்கு ஒரு மணி. நம்ம ஊர் ஆடி மேல்காற்று ஒற்றை வரிசையில் அதை விட்டுவைக்குமா?

தையில் அதே 20 விதையை 4 வரிசையாக, வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி 1 அடி விட்டு ஊன்றினேன். முடி வெளிவந்ததும் நாலைந்து நாள், காலை 9 மணி வாக்கில் ஆண்பூவைக் காகிதத்தில் தட்டி முடிமேல் தூவினேன். நுனிவரை மணி பிடித்தது. அப்புறம் கிளி வந்தது, அது வேறு கதை.