புள்ளி விழுந்த கடல் மீனுக்குச் செப்பு மருந்து

தொட்டியில் வளர்க்கும் கடல் மீனின் உடலில் உப்புக்கல் அளவில் தனித்தனிப் புள்ளி என்றால் வெள்ளைப்புள்ளி நோய். மாவு தூவியது போன்ற மெல்லிய படலமும் மூச்சிரைப்பும் இருந்தால் வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய். ஓரிரு நாளில் கொன்றுவிடும், காத்திருக்காதீர்கள்.

இரண்டுக்கும் செப்புதான். எல்லா மீன்களையும் தனித்தொட்டிக்கு மாற்றுங்கள். அதில் மணல், பவளக்கல் கூடாது, செப்பை உறிஞ்சும். அயனிச் செப்பை (வேறெதோடும் பிணையாமல் நீரில் கரையும் வகை) இரண்டு நாளில் படிப்படியாக ஏற்றி, லிட்டருக்கு 0.2 மில்லிகிராமில் 30 நாள் வையுங்கள். கீலேட் வகைக்கு (வேறு மூலக்கூறோடு பிணைத்த செப்பு) இந்த அளவு பொருந்தாது, புட்டியில் உள்ளபடியே போடுங்கள். தினமும் சோதியுங்கள்: 0.15க்குக் கீழே ஒட்டுண்ணி பிழைக்கும், 0.25க்கு மேல் மீன் தாங்காது. நீந்தித் திரியும் பருவத்தில்தான் ஒட்டுண்ணி சாகும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும்.

பவளமும் இறாலும் உள்ள பெரிய தொட்டியில் ஒரு சொட்டும் விடாதீர்கள். அங்குள்ள ஒட்டுண்ணி சாக, அது 76 நாள் மீனின்றி இருக்கட்டும்.

மின்வெட்டு வந்தால் தொட்டிக்குக் காற்று தர, தூண்டில் இரையை உயிரோடு வைக்கும் பேட்டரி காற்றுப் பம்பு தூண்டில் கடையில் கிடைக்கும்.