உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரே ராத்திரியில் சித்தி மகனின் பாட்டுக்கு வீடியோ எடுத்தோம். ஒரு கேமரா, ஒரு கைப்பேசி. எடிட்டிங்கில் உட்கார்ந்தபோதுதான் வினை. கைப்பேசியில் எடுத்ததில் முதல் சரணம் வரை உதடு பாட்டோடு ஒட்டிப் போனது. மூன்றாவது நிமிடத்தில் வாய் மூடிய பிறகு சொல் வந்தது.

“அண்ணே, நான் சரியாத்தானே பாடினேன்?” என்றான், முகம் தொங்கிப்போய்.

அவன் மேல் தப்பில்லை. கைப்பேசி ஃபிரேம்களை, அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்களை, சீரான வேகத்தில் பதியவில்லை. அந்தக் கிளிப்புகளை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு, விநாடிக்கு மாறாத 24 ஃபிரேமுக்கு மாற்றினேன். உதடு ஒட்டிக்கொண்டது.

அப்புறம் வெட்டு. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 96 தாளத் தட்டு. ஒரு தட்டுக்கு 0.625 விநாடி, அதாவது சரியாக 15 ஃபிரேம். இந்தக் கணக்கு கிடைத்ததும் தே தாரிக் (இழுத்து ஆற்றிய டீ) கறை படிந்த ஒரு தாளில் பாட்டு முழுவதையும் எழுதினேன்: பல்லவியில் 30 ஃபிரேமுக்கு ஒரு வெட்டு, சரணத்தில் 120 வரை இழுக்கலாம், உறுமி இறங்கும் இடத்தில் 15. படம் எடுக்கும் முன்பே இதைச் செய்திருக்க வேண்டும், அது வேறு கதை.

எல்லா வெட்டும் தட்டின் மேலேயே விழுந்ததில் வீடியோ ராணுவ அணிவகுப்பு மாதிரி ஆகிவிட்டது. சரணத்தில் சிலவற்றை இரண்டு ஃபிரேம் முன்னால் நகர்த்தினேன், மூச்சு வந்தது.

பலகாரக் கடை ஷாட்டில் மட்டும் விளக்கு மினுக்கியது. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதோடு ஒத்துப்போக, கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியில் வைத்திருக்க வேண்டும். அந்த ஷாட்டைத் தூக்கிவிட்டேன்.