தாழ்ச்சியில் தொடங்காதீர்கள்: வீட்டிலிருந்தே பெனடிக்ட் வழி

பெனடிக்ட் வழியில் வரும் நிலைத்திருத்தல், செவிமடுத்தல், தாழ்ச்சி என்ற மூன்றையும் வரிசையாக வைத்தால் பெரும்பாலானோர் நேராகத் தாழ்ச்சியில்தான் கை வைப்பார்கள். அது தேறாது. தாழ்ச்சியைத் தேடிப்போனால் நான் எவ்வளவு பணிவானவன் என்ற பெருமைதான் முதலில் வந்து உட்காரும். 6ஆம் நூற்றாண்டு இத்தாலியில் மடங்களுக்கு ஒழுங்கு நூல் எழுதிய புனித பெனடிக்ட், நம்மவர்கள் ஆசீர்வாதப்பர் என்றும் சொல்வார்களே அவர்தான், அந்த நூலில் முதல் அதிகாரத்திலேயே ஒரு கூட்டத்தைப் பிடித்துத் திட்டுகிறார். ஊர் ஊராகச் சுற்றி, மடத்துக்கு மூன்று நாள் நான்கு நாள் என்று விருந்தாளியாகத் தங்கி, எங்கும் ஊன்றாமல் சொந்த விருப்பத்துக்கும் வாய் ருசிக்கும் அடிமையாகத் திரியும் துறவிகள்.

நாமும் கொஞ்சம் அப்படித்தான். பங்குத்தந்தையின் பிரசங்கம் பிடிக்கவில்லை என்றால் பக்கத்துப் பங்கு, அதாவது பக்கத்து ஊர்க் கோவில், அன்பியத்தில் (பங்குக்குள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) ஒருவரோடு மனத்தாங்கல் என்றால் அடுத்த மாதத்திலிருந்து கூட்டத்துக்கே போவதில்லை, யூடியூபில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பிரசங்கியார். அதனால் முதல் வேலை நிலைத்திருத்தல்: ஒரு பங்கு, ஒரு அன்பியம், வீட்டில் செபத்துக்கு ஒரு நாற்காலி, ஒரு நேரம். ஒரு வருடத்துக்கு மாற்றாதீர்கள். விட்டுப் போகத் தோன்றும்போது, இங்கேயே இருந்தால் என்னிடம் எது மாறவேண்டியிருக்கும் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதற்குப் பயந்துதான் கிளம்பப் பார்க்கிறோம்.

இதில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். வீட்டில் அடி உதை வாங்கும் ஒருவரிடம் போய் "நிலைத்திரு" என்று சொல்வதற்கு பெனடிக்டைத் துணைக்குக் கூப்பிட முடியாது. அவரைத் தலைவராக வரச்சொல்லி அழைத்த மடத்துத் துறவிகளே திராட்சை ரசத்தில் விஷம் கலந்தபோது, அவர் அவர்களை விட்டுக் கிளம்பித் தன் தனிமைக்குத் திரும்பினார் என்றுதான் திருத்தந்தை பெரிய கிரகோரி எழுதுகிறார்.

அடுத்தது கேட்பது. ஒழுங்கு நூல் தொடங்குவதே 'கேள்' என்றுதான். தினமும் கால் மணி நேரம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு, நற்செய்தியில் நாலைந்து வரி மட்டும் உதடு அசைய வாசியுங்கள், ஏதாவது ஒரு சொல் மனதில் தைத்தால் அங்கேயே நின்றுவிடுங்கள், அதிகாரத்தை முடிக்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இது சுலபமான பகுதி. கஷ்டமானது மனிதர்களைக் கேட்பது. முக்கியமான விஷயம் என்றால் மடத்துத் தலைவர் எல்லோரையும் கூட்டிக் கருத்துக் கேட்கவேண்டும், ஏனென்றால் நல்லது எது என்பதை ஆண்டவர் பல நேரம் இளையவருக்குத்தான் காட்டுகிறார் என்கிறது 3ஆம் அதிகாரம். முடிவு தலைவருடையதுதான், ஆனால் கேட்ட பிறகு. வீடு மாறுவது, நிலத்தை விற்பது, மகள் எந்தப் படிப்பில் சேர்வது என்று வரும்போது வீட்டில் இருப்பதிலேயே சின்னவரை முதலில் பேச விடுங்கள், நடுவில் "உனக்கென்ன தெரியும்" வரக்கூடாது. விருந்தாளி சொல்லும் குறைக்கும் காது கொடுக்கச் சொல்கிறார் அவர். பணிவோடும் அன்போடும் நியாயமாகச் சொன்னால், ஒருவேளை அதற்காகவே ஆண்டவர் அவரை அனுப்பியிருக்கலாமாம். லீவுக்கு வந்த நாத்தனார் "பையன் ஏன் உங்ககிட்ட எதுவுமே பேச மாட்டேங்கிறான்?" என்று கேட்டால், உடனே பதில் சொல்லாமல் இரண்டு நாள் வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

இப்போது தாழ்ச்சி. 7ஆம் அதிகாரத்தில் அதற்குப் பன்னிரண்டு படிகள் உண்டு, தியானிக்க நல்லவை. ஆனால் பழகுவதற்கு என்னைக் கேட்டால் 35ஆம் அதிகாரம்தான், அதாவது சமையலறை. நோயோ வேறு முக்கியமான வேலையோ இருந்தால் தவிர யாருக்கும் விலக்கு இல்லை, ஆளுக்கு ஒரு வாரம். சனிக்கிழமை வாரத்தை முடிப்பவர், எல்லோரும் கைகால் துடைத்த துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைச் சுத்தமாக, உடையாமல் ஒப்படைக்கவேண்டும். முடிப்பவரும் அடுத்து வருபவரும் சேர்ந்து எல்லோருடைய பாதங்களையும் கழுவவேண்டும்.

வீட்டு ஆண்கள் ஒரு வாரம் இதை அப்படியே எடுத்துப் பாருங்கள். வெங்காயம் நறுக்கிக் கொடுத்துவிட்டுப் பாராட்டுக்கு நிற்பது கணக்கில் வராது. நாளைக்கு என்ன குழம்பு என்று முந்தின இரவே யோசிப்பது, மிக்ஸி ஜாரின் அடியில் ஒட்டிய தேங்காயை எடுப்பது, சிங்க் ஓட்டையில் சிக்கிய சோற்றுப் பருக்கைகளைக் கையால் அள்ளுவது, நாற்றமடிக்கும் கைப்பிடித் துணியைத் துவைத்துக் காயப்போடுவது எல்லாம் சேர்த்துத்தான் வாரம். குக்கர் மூடியை ணங்கென்று போடவும் கூடாது, மடத்துப் பாத்திரங்களைப் பீடத்துப் பாத்திரங்களைப்போல் பாவிக்கச் சொல்கிறார் மனிதர். முக்கியமாக, முணுமுணுக்கக் கூடாது. நூல் முழுக்க அவர் திரும்பத் திரும்பக் கண்டிப்பது இதைத்தான்.

ஏற்கெனவே எல்லோரும் மிதிக்கும் இடத்தில் இருப்பவருக்கு, எல்லோரையும்விட நான் கீழானவன் என்று நம்பச் சொல்லும் 7ஆம் படியை நான் கொடுக்கமாட்டேன். அவர்கள் 63ஆம் அதிகாரத்தைப் படிக்கட்டும்: மடத்தில் வரிசை என்பது உள்ளே வந்த நேரத்தைப் பொறுத்தது, வயதோ அந்தஸ்தோ செல்லாது. அடிமையாக இருந்து வந்தவரைவிட சுதந்திரராகப் பிறந்தவருக்கு, வேறு தகுந்த காரணம் இல்லாமல், முன்னிடம் இல்லை என்று 2ஆம் அதிகாரமும் சொல்கிறது. கோவிலுக்குள்ளும் கல்லறையிலும் சாதிக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய நம் பங்குகள் இதை உரக்கவே வாசிக்கலாம்.

ஒழுங்கு நூலை வாங்கினால் பயப்படாதீர்கள், முன்னுரையும் 73 சின்ன அதிகாரங்களும்தான். தினம் ஒரு பகுதியாக வருடத்துக்கு மூன்று முறை முடிப்பது மடங்களில் வழக்கம். 8 முதல் 18 வரை பெரும்பாலும் எந்தத் திருப்பாடல் எப்போது என்ற அட்டவணை, முதல் வாசிப்பில் தாண்டிவிடலாம். 23 முதல் 30 வரை தண்டனை விதிகள், அவையும் காத்திருக்கும். நேரில் பார்க்க ஆசை என்றால் குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், சாந்திவனம் இருக்கிறது. அருட்தந்தை மொன்ஷனனும் பெனடிக்ட் சபைத் துறவி ஆன்ரி லெ சோவும் 1950ல் தொடங்கிய ஆசிரமம். தங்குவதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.