ஓட்டை விழுந்த வட்டிலப்பம் கிளாஸுக்குள் போன கதை

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு மச்சாள் போன் எடுத்தார். "நாங்கள் ஆறு பேர், வெள்ளவத்தையிலதான் நிக்கிறம். வரட்டோ?" வாங்கோ என்று சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். இடியப்பம் கீழே கடையில். சொதியும் சம்பலும் அரை மணித்தியால வேலை. இனிப்புக்கு வட்டிலப்பம், முட்டையும் தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும் கலந்து ஆவியில் அவிக்கிறது. அவசரத்தில் அடுப்பைக் கூட்டி அவித்தேன். திறந்தால் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக, மூடியிலிருந்து சொட்டிய தண்ணீர் வேறு. முட்டைக் கலவை கடும் கொதி தாங்காது, இறுகித் தண்ணீர் விட்டுவிடும். நெருப்பைக் குறைத்து, மூடிக்குத் துணி கட்டியிருக்க வேண்டும்.

கித்துள் மரத்துப் பதநீரில் காய்ச்சுகிற அந்தக் கருப்பட்டி விற்கிற விலையில் எறிய மனம் வருமா? சட்டித் தயிரைத் துணியில் கொஞ்ச நேரம் வடித்தேன். கண்ணாடிக் கிளாஸில் உதிர்த்த வட்டிலப்பம், மேலே தயிர், பிறகு ஒரு கரண்டி கித்துள் பாணி. பாணி தயிரின் ஓரமாக வழிந்து கண்ணாடியில் கோடு கோடாக இறங்கியது, ஹோட்டல் பண்டம் மாதிரி. அரை மணி குளிரவைத்தால் போதும். வறுத்த கஜுவைப் பரிமாறும்போது மட்டும் போடுங்கள், முன்னமே போட்டால் நமத்துவிடும்.

"எங்க வாங்கினது?" என்று மச்சாள் கேட்டார். சரி, நானும் உண்மையைச் சொல்லவில்லை.